ஓப்ரா டின்: விடையைப் பார்த்துவிடாதீர்கள்

நண்பரே, ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற துப்பறியும் கணினி விளையாட்டில் மாலுமிகளின் பெயர்கள் பிடிபடவில்லை, விடைகளை இணையத்தில் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஓப்ரா டின் என்ற கப்பலில் இருந்த 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன ஆனது என்பதை நாமே கண்டுபிடிப்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது.

மாலுமிகள் தூங்கும் தொங்குபடுக்கைகளில் எண்கள் இருக்கும். அவை கப்பலில் இருந்தோரின் பெயர்ப் பட்டியலின் எண்களோடு பொருந்தும். முகம் தெரியாவிட்டால், வெளியே நீண்டிருக்கும் காலையும் காலணியையும் கவனியுங்கள். சீன மாலுமிகள் நால்வரையும் நான் அப்படித்தான் பிரித்தறிந்தேன். 2018இல் வந்த இந்தப் படைப்பின்மேல் எனக்குப் பெரும் மரியாதை வந்தது அப்போதுதான். பேச்சின் உச்சரிப்பும் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

விடைகளை நாம் குறித்துவைக்கும் விளையாட்டுப் புத்தகத்தில் ஒருவரின் முகம் மங்கலாக இருந்தால் துப்பு இன்னும் போதவில்லை என்று பொருள். அவரை அப்படியே விட்டுவிடுங்கள். மூவரின் விடைகள் சரியாக இருந்தால்தான் விளையாட்டு அவற்றை ஒன்றாக உறுதிசெய்யும். இருவரை நிச்சயமாக அறிந்தபின் மூன்றாமவரை ஊகிக்கலாம், அதில் தவறே இல்லை.