ரூட்டைப் பூட்டலாம், உங்கள் பதிவுகளையும் சேர்த்துப் பூட்டிவிடாதீர்கள்

கேள்வி: குளிர்பதன அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ராஸ்பெர்ரி பை என்ற சிறு பலகைக் கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். மின்சாரம் போய் வந்தால் சில சமயம் அது எழுவதே இல்லை. இரண்டு முறை மெமரி கார்டை மாற்றியாகிவிட்டது. அமைத்துக் கொடுத்தவர், "ரூட் கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றித் தருகிறேன், அதன் பிறகு ஆயுளுக்கும் கவலையில்லை" என்கிறார். செய்யலாமா? எங்கள் பதிவுகள் என்ன ஆகும்?

பதில்: செய்யலாம், உங்கள் நிலைமையில் செய்யத்தான் வேண்டும். ரூட் என்பது கார்டில் இயங்குதளம் குடியிருக்கும் பகுதி; அதில் எதுவும் எழுத முடியாதபடி செய்வதைத்தான் பூட்டுவது என்கிறேன். ஆனால் அவர் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை சொல்லியிருக்கிறார். இரண்டாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை பாருங்கள், எனக்குக் கவலை அங்கேதான்.

கார்டு ஏன் கெடுகிறது? நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தாலும் இயங்குதளம் சும்மா இருப்பதில்லை. பதிவேடுகள், தற்காலிகக் கோப்புகள், நேரக்குறிப்பு என்று எதையாவது கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு முறைமை அரைகுறையாக நிற்கும். அதைவிட மோசமானது கார்டுக்குள் நடப்பது. கார்டில் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு தன் வசதிக்காகத் தரவுகளை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் அறுந்தால், நீங்கள் தொடவே தொடாத கோப்புகூடச் சிதையக்கூடும். பல மாதிரிகளில் பவர் பட்டன்கூட இல்லாத ஒரு பலகைக்கு, முறையாக நிறுத்தினால்தான் பிழைக்கும் ஓர் இயங்குதளத்தை ஏற்றித் தருகிறார்கள். பூட்டு வசதியை மெனுவின் ஆழத்தில் ஒளித்தும் வைக்கிறார்கள். சுவரில் மாட்டும் கருவிக்கு இது முதல் நாளே இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

பூட்டும் முறைக்கு ஓவர்லே என்று பெயர். அச்சிட்ட பக்கத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து எழுதுவது போல, மாற்றங்கள் எல்லாம் ராம் நினைவகத்தில் இருக்கும் ஒரு மேலடுக்கில் விழும். கீழே உள்ள கார்டை யாரும் தொடுவதில்லை. மறுமுறை இயக்கும்போது மேலடுக்கு காணாமல் போய்விடும், கணினி பழையபடி எழும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. 2014இல் வந்த 3.18 பதிப்பிலிருந்து இயங்குதளத்தின் மையக்கருவான லினக்ஸ் கெர்னலிலேயே இந்த வசதி இருக்கிறது. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தில் அமைப்புகளை மாற்ற உதவும் ராஸ்பி-கான்ஃபிக் கருவியில், பெர்ஃபார்மன்ஸ் பிரிவில், ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரே வரியாக நிற்கிறது. இதைத் தன் கண்டுபிடிப்பு போலக் காட்டித் தனிக் கட்டணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி உங்கள் பதிவுகள். ரூட்டை மட்டும் பூட்டிவிட்டு விட்டால், எழுதிய வெப்பநிலை அத்தனையும் அடுத்த மின்தடையில் போய்விடும். இதைச் சொன்னால், "பதிவுகளுக்குத் தனிப் பார்ட்டிஷன் போட்டிருக்கிறேன்" என்பார்கள். கார்டில் தனியாகப் பிரித்து வைத்த பகுதிதான் பார்ட்டிஷன். நல்லதுதான். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, விழுந்தவர்கள் நிறையப் பேர். ஓவர்லேரூட் என்ற மென்பொருள் பொதிதான் பல இடங்களில் இந்தப் பூட்டைப் போடுகிறது. அது ரூட்டோடு நிற்காது. எஃப்எஸ்டேப் கோப்பில், அதாவது கணினி எழும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலில், எழுதியிருக்கும் மற்றவற்றையும் சேர்த்துப் பூட்டுவதுதான் அதன் இயல்பு. ரிகர்ஸ் (recurse) என்ற அமைப்பின் மதிப்பு 1 என்று இருக்கும், அதை 0 ஆக்கினால்தான் தரவுப் பார்ட்டிஷன் தப்பிக்கும். ஆக்காவிட்டால் பிழைச்செய்தி வரும் என்று நினைக்காதீர்கள். நிரல் எழுதும், கோப்பு வளரும், திறந்து பார்த்தால் இன்றைய வெப்பநிலை வரிசையாக இருக்கும். எல்லாம் ராம் நினைவகத்தில். மாதக்கணக்கில் சேர்ந்த பதிவு ஒரே மின்தடையில் காலியாகும்போதுதான் தெரியவரும். ஆகவே "தனிப் பார்ட்டிஷன்" என்ற பதிலோடு திருப்தி அடையாமல், "ரிகர்ஸ் என்ன மதிப்பில் இருக்கிறது?" என்று கேளுங்கள். முழிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தரவுப் பார்ட்டிஷன் அதே கார்டில் இருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன சில்லுக்குப் பார்ட்டிஷன் எல்லை தெரியாது. ஒரு பக்கம் எழுதும்போது மின்சாரம் போனால் மறுபக்கமும் ஆபத்தில்தான் இருக்கிறது. பதிவுகளுக்குத் தனியாக ஒரு யுஎஸ்பி சேமிப்பகம் வையுங்கள். கார்டில் எதுவும் எழுதவே கூடாது.

போலிப் பூட்டு ஒன்றும் உண்டு. கோப்பு முறைமையில் கோளாறு கண்டால் லினக்ஸ் தானாகவே அதைப் படிக்க மட்டும் நிலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. மேலும் சேதம் வேண்டாம் என்பதற்காகச் செய்யும் அவசர நடவடிக்கை அது. சிலர் இதைக் காட்டி, "பாருங்கள், ஏற்கெனவே பூட்டியாயிற்று" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். கெர்னல் செய்திகளில் பிழை என்ற வரியும் அதன் பின் ரீமவுண்டிங் (மறுபடி இணைக்கிறேன்) என்ற வரியும் இருந்தால், அது சாகப்போகும் கார்டின் அறிகுறி. அன்றே மாற்றுங்கள்.

பூட்டிய பிறகு இயங்குதளப் புதுப்பிப்புகளும் நிலைக்காது, மறுதொடக்கத்தில் போய்விடும். பூட்டைத் திறந்து, மறுதொடக்கம் செய்து, புதுப்பித்து, மீண்டும் பூட்ட வேண்டும். இந்த நான்கு வரியை எழுதிக் கொடுக்காமல், கடவுச்சொல்லையும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வந்து கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கருவி உங்களுடையது, கடவுச்சொல்லும் உங்களிடம்தான் இருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் வலையில் இணைந்து கிடக்கும் கணினி ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அதே ஓட்டையோடுதான் எழும்.

உங்களுக்கு நேரம் முக்கியம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான மாதிரிகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கார்டில் குறித்துவைத்துத்தான் சமாளிக்கின்றன. பூட்டிவிட்டால் அந்தக் குறிப்பும் உறைந்துபோகும். இணையம் கிடைக்கும்வரை பதிவுகள் பூட்டிய நாளின் தேதியிலேயே விழும். பேட்டரியோடு ஓடும் டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்தது என்று அவர் சொன்னதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ரூட்டில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கச் சொல்லுங்கள். பதிவு சில நிமிடம் ஓடட்டும். பிறகு அவர் கண்ணெதிரே பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள். வெற்றுக் கோப்பு காணாமல் போயிருக்க வேண்டும், வெப்பநிலைப் பதிவு கடைசி ஓரிரு வரிகள் தவிர அப்படியே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் வேலை முடியவில்லை.