‘மிஸ்’ ஆன பர்ஸும் ‘லாஸ்ட்’ ஆன பர்ஸும்

கேள்வி: பஸ்ஸில் பர்ஸ் தொலைந்துவிட்டது. அலுவலகக் கடிதத்தில் ‘ஐ மிஸ்டு மை பர்ஸ்’ என்று எழுதினேன். மேலதிகாரி ‘மிஸ்டு’வை அடித்து ‘லாஸ்ட்’ என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒன்றல்ல. திருத்தியது சரி. பொருளைத் தொலைப்பதற்கு உரிய வினைச்சொல் ‘லூஸ்’, இறந்தகாலத்தில் ‘லாஸ்ட்’. ‘மிஸ்’ என்பது பஸ்ஸையோ கேட்சையோ தவறவிடுவது, அல்லது அருகில் இல்லாதவரை நினைத்து ஏங்குவது. நீங்கள் எழுதியதைப் படிப்பவருக்கு, பர்ஸைப் பிரிந்து ஏங்கியதாகத்தான் முதலில் தோன்றும். ‘மிஸ் பண்ணிட்டேன்’ என்று தமிழில் பேசிப் பழகியதால் வரும் பிழை இது. ‘மிஸ்’ஸை வைத்துத்தான் சொல்ல வேண்டுமென்றால், ‘மை பர்ஸ் இஸ் மிஸ்ஸிங்’ மட்டும் சரியானது. ‘காணவில்லை’ என்று பொருள்.

காலத்தையும் கவனியுங்கள். இன்னும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்ல ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை பர்ஸ்’. கூடவே ‘யெஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. ‘ஐ லாஸ்ட் மை பர்ஸ் யெஸ்டர்டே’ என்றே எழுத வேண்டும். பிக்பாக்கெட் என்று உறுதியாகத் தெரிந்தால் ‘லாஸ்ட்’ போதாது, ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதுங்கள். காவல் நிலையப் புகாரில் இந்த வித்தியாசம் மிக முக்கியம். தொலைந்தது வேறு, திருட்டு வேறு.

எழுத்துப் பிழை அதிகம் நேர்வதும் ‘லூஸ்’ என்ற இந்தச் சொல்லில்தான். எல், ஓ, எஸ், இ: ஒரே ஒரு ‘ஓ’. இரண்டு ‘ஓ’ போட்டால் ‘தளர்வான’ என்று பொருள் மாறிவிடும், சட்டை லூஸாக இருக்கிறது என்கிறோமே, அது. தமிழில் இரண்டையும் ‘லூஸ்’ என்றே எழுதுவதால் காது ஏமாறுகிறது. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: தொலைப்பதைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஒலியில் தொண்டை அதிரும், தளர்வைக் குறிப்பதில் அதிராது, காற்று மட்டும் வரும். ‘லூஸ்டு’ என்று இறந்தகாலம் எழுதுவதும் தவறு.

கேள்வி: ‘கெட் லாஸ்ட்’ என்பது திட்டு அல்லவா? ‘வீ காட் லாஸ்ட்’ என்று எழுதலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக எழுதலாம். எதிரில் நிற்பவரைப் பார்த்துக் கட்டளையாகச் சொன்னால்தான் ‘தொலைந்து போ’ என்ற திட்டு. ‘வீ காட் லாஸ்ட்’ என்றால் வழி தவறிவிட்டோம், அவ்வளவுதான். ‘வீ லாஸ்ட் அவர் வே’ என்பதும் அதே பொருள். ‘மிஸ்டு த வே’ என்று எழுத வேண்டாம்.