4 வயதுப் பையனோடு அந்தமான்: ஐந்து இரவில் எத்தனை தீவு?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மாமியாரும் கூட வருகிறார், அவருக்கு முட்டி வலி உண்டு. அந்தமானுக்கு ஐந்து இரவுத் திட்டம் ஒன்றை ஒரு டிராவல்ஸில் கொடுத்தார்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் நான்கும் அதில் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளலாமா? அரையாண்டு லீவா, முழுப் பரீட்சை லீவா? மகள் ஸ்கூபா முக்குளிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள், விடலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: அந்தத் திட்டம் வேண்டாம். ஐந்து இரவில் நான்கு இடம் என்றால் பெட்டி கட்டுவதும் படகுத்துறையில் வரிசையில் நிற்பதும்தான் விடுமுறை. கல்யாணமான புதிதில் இருவராகப் போகிறவர்களுக்குப் போட்ட திட்டத்தில் இரண்டு அரை டிக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று இரவு ஹேவ்லாக், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். இப்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் நீங்களே பதிவு செய்யலாம், ஒன்றும் கஷ்டமில்லை. பெயர்கள் மட்டும் குழப்பும். ஹேவ்லாக் 2018-இல் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷாஹீத் தீவு ஆனது, போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கலாம், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார்.

பாராடாங்கைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள். விடியாத இருட்டில் குழந்தையைத் தூக்கத்தோடு வண்டியில் போட்டு, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்து, காட்டு வழியே போய், படகு ஏறி, அப்புறம் நடந்தால்தான் சுண்ணாம்புக் குகை. திரும்பும்போதும் இதே பாடு. 4 வயதுக்கும் முட்டி வலிக்கும் ஆகாது. அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகிறது. அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். என்றாலும் ஜன்னல் வழியே மனிதர்களைத் தேடும் பயணமாகத்தான் அது பலருக்கு ஆகிவிடுகிறது. நான் என் பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை.

நீல் தீவை விடச் சொல்வதில் எனக்கே கொஞ்சம் வருத்தம். சின்னத் தீவு, பரத்பூர் கடற்கரையில் தண்ணீர் ஆழமில்லை, கண்ணாடி அடி வைத்த படகில் உட்கார்ந்தபடியே பவளப்பாறையைப் பார்க்கலாம். ஏழு இரவு கிடைத்தால் அங்கே இரண்டு இரவு தங்குங்கள். ஐந்துதான் என்றால் ஒரே தீவு போதும். தங்க இடமும் திரும்பி வரப் படகும் ஹேவ்லாக்கில்தான் அதிகம்.

கடைசி இரவு போர்ட் பிளேரில் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து மதிய விமானத்தைப் பிடிப்பதாக இருந்தோம். இரவெல்லாம் காற்று. விடிந்ததும் படகு இல்லை என்றார்கள். விமானம் போயிற்று, டிக்கெட் பணமும் போயிற்று. சின்னவள் மட்டும் இன்னொரு நாள் கடல் கிடைத்ததென்று குதித்தாள். படகை நிறுத்தியவர்கள் மேல் தப்பில்லை, அவ்வளவு நெருக்கமாகத் திட்டம் போட்டது நான்.

எப்போது போவது? மழை அங்கே இரண்டு பக்கமும் அடிக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமான் கடலைத் தொட்டுவிடும். வருடக் கடைசியில் வடகிழக்குக் காற்றும் வங்கக்கடல் புயல்களும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் கடல் சாது. அரையாண்டு லீவு, அதாவது டிசம்பர் கடைசி, பருவத்துக்கு மோசமில்லை. ஆனால் நாடே அங்கே வந்து நிற்கும், அறை வாடகையும் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது முழுப் பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசி வாரம். வெயில் கடுமைதான், ஆனால் ஈரோட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிதில்லை. தள்ளிப்போட்டு மே நடுவுக்குக் கொண்டுபோகாதீர்கள். 2023-இல் மோக்கா புயல் உருவானது மே இரண்டாம் வாரத்தில், அந்தப் பக்கத்துக் கடலில்தான்.

இனி எந்தத் திட்டத்தாளிலும் எழுதாத இரண்டு விஷயங்கள். ஒன்று, பொழுது. போர்ட் பிளேர் ஏறக்குறைய நம் கடலூருக்கு நேர் கிழக்கே, 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடிகாரம் மட்டும் நம்முடையதே. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்தது, அந்தமான் அதற்குப் பத்துப் பாகை கிழக்கே. பாகைக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பர் கடைசியில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஏப்ரல் கடைசியில் ஐந்தரைக்கு. ஆனால் காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். அதனால் மதியம் தூங்கி எழுந்து, டீ குடித்து, நாலரைக்குக் கிளம்பலாம் என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே உதவாது. பிள்ளைகளை 8 மணிக்குப் படுக்கவைத்து 5 மணிக்கு எழுப்புங்கள். 6 முதல் 9 வரை கடல் உங்களுடையது. 10 முதல் 3 வரை நிழல், சாப்பாடு, தூக்கம். அப்புறம் ஒரு மணி நேரம் மறுபடி மணல்.

இரண்டாவது, ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. ஹேவ்லாக்கின் தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் கடற்கரைகளில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கிப் பாறைத் தரை வெளியே தெரியும். "கடல் பக்கத்திலேயே என்றார்கள், வந்து பார்த்தால் கடலையே காணோம்" என்று சண்டை போடும் விருந்தினர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் அதிர்ஷ்டம். பாறைக் குழிகளில் தேங்கிய முழங்கால் உயரத் தண்ணீரில் சந்நியாசி நண்டு, கடல் அட்டை, சின்னச் சின்ன நீல மீன்கள். உங்கள் பையன் இரண்டு மணி நேரம் நகர மாட்டான். செருப்பு போதாது, பின்பக்கம் மூடிய ரப்பர் ஷூ போடுங்கள், முள் குத்தும் கடல் முள்ளெலியும் கூர்மையான பவளமும் உண்டு. கையை எந்தப் பொந்திலும் விடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குளிப்பது மட்டும் தண்ணீர் ஏறியிருக்கும்போது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை 8 மணிக்குக் கொஞ்சம் முன்னால். போனதும் விடுதியில் அன்றைய ஓத நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டால் மூன்று நாளும் கணக்கு கைக்கு வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடுதல். காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

மேற்குக் கரையில் ராதாநகர், ஏழாம் நம்பர் கடற்கரை. பட்டு மாதிரி மணல், பாறை இல்லை, உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது திறந்த கடல், அலை உண்டு. 4 வயதுக் குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த வாத்தும் வளையமும் பொம்மைகள், பாதுகாப்பு இல்லை. உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டை இங்கிருந்தே வாங்கிப் போங்கள், படகுக்காரர்களிடம் பெரியவர் அளவுதான் பெரும்பாலும் இருக்கும். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் 2010-இல் ஒரு பயணி அதற்குப் பலியானார். பயந்து கடலுக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள இடம், ஓடை கடலில் சேரும் இடம், சதுப்புக்காட்டு ஓரம், இருட்டும் நேரம், இந்த நான்கிலும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

முதலையைவிட உங்களை நிஜமாகத் தொந்தரவு செய்யப்போவது மணல் ஈ. கண்ணுக்குத் தெரியாது, கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும், பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்கிவிடுவார்கள். விடியலிலும் அந்தியிலும் மணலில் நேரடியாக உட்காராமல் பாய் விரியுங்கள். முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவினால் ஓரளவு தப்பலாம்.

படகுப் பயணம் வேகப் படகில் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். காலைப் படகை எடுங்கள், அப்போதுதான் கடல் சாதாரணமாக அமைதியாக இருக்கும். ஏசி அறைக்குள் அடைத்து உட்காரவைக்கும் படகுகளில் வயிற்றைப் புரட்டும். நடு இருக்கை, கீழ்த்தளம், இரண்டு இட்லியோடு நிறுத்திய வயிறு, கையில் மொபைல் கிடையாது. வாந்தி மாத்திரையைக் குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி அளவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் காய்ச்சல் மருந்தும் அதே பையில் இருக்கட்டும்.

மகளின் ஸ்கூபா ஆசைக்கு வருவோம். கடலில் அறிமுக முக்குளிப்புக்கு 10 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் பயிற்சி அமைப்புகளின் பொதுவான விதி. 8 வயதில் தொடங்கும் திட்டங்கள் இரண்டு மீட்டர் ஆழத்துக்குள், குளம் போன்ற அடங்கிய தண்ணீரில் மட்டுமே. "பாப்பா வளர்த்தியாத்தானே இருக்கு, இறக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் நீங்களும் இறங்காதீர்கள். 9 வயதுக்கு ஸ்நார்கெலிங், அதாவது மேலே மிதந்தபடி குழாயால் மூச்சுவிட்டுக் கடலுக்குள் பார்ப்பது, தாராளம். எலிஃபென்ட் பீச்சுக்குப் படகில் போனால், கைடு டியூபைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போவார். கண்ணாடியையும் குழாயையும் இப்போதே வாங்கி, வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து வாயால் மூச்சுவிடப் பழக்குங்கள். நீங்களோ கணவரோ ஸ்கூபா போவதானால் ஆளுக்கொரு நாளாகப் போங்கள், ஒருவர் பிள்ளைகளோடு கரையில். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்கட்டும்.

உங்கள் மாமியாருக்குச் சாப்பாட்டுக் கவலை இருந்தால், போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள், அதனால் சோறும் பருப்பும் மீனும் எங்கும் கிடைக்கும். படகில் ஏறும்போது பலகையிலும் படியிலும்தான் முட்டிக்குச் சிரமம், முன்கூட்டியே சொன்னால் ஊழியர்கள் கை கொடுப்பார்கள். செல்லுலார் சிறையை அவரும் மகளும் நிதானமாகப் பார்க்கட்டும். தூக்குமேடை, கசையடிக்குக் கட்டிவைக்கும் சட்டகம் எல்லாம் அங்கே இருக்கின்றன, மகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். மாலை ஒலி ஒளிக் காட்சியில் 4 வயது தூங்கிவிடும் அல்லது அழும், அவனை அப்பாவோடு அறையில் விடலாம். கடைசி நாளில் ராஸ் தீவு. கொஞ்ச நேரப் படகு, மான்கள் பக்கத்திலேயே மேயும், மேட்டில் ஏற முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது.

கிளம்பும் முன் இரவு பிள்ளைகளின் பைகளைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டதுதான், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். சிப்பிகளிலும் சில வகைகள் அப்படியே. கடையில் பில்லோடு வாங்கியதை வைத்துக்கொண்டு, பொறுக்கியதை எல்லாம் பிள்ளைகள் கையாலேயே கடலில் போடச் சொல்லுங்கள். உங்கள் மகன் ஒன்றை டவுசர் பையில் வைத்திருப்பான், அதையும் பாருங்கள்.