10 வருடத்துக்கு மேல் ஓடிய பழைய காரை வாங்கும் முன், அது நம்பி வாங்கக்கூடிய வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இந்தக் கம்பெனி வண்டி வாங்கு, அந்தக் கம்பெனி பக்கமே போகாதே" என்றுதான் பலரும் சொல்வார்கள். புது வண்டிக்கு அது ஓரளவு சரி. 10, 12 வருடம் ஓடிய வண்டிக்குக் கணக்கே வேறு. ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் ஒன்று இன்னும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், இன்னொன்று மெக்கானிக்கிடமே குடியிருக்கும். நேரத்துக்கு ஆயில் மாற்றினார்களா, சின்ன ரிப்பேரைத் தள்ளிப் போடாமல் பார்த்தார்களா என்பதில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது. தெரிந்தவர்களுக்காக வண்டி பார்க்கப் போகும்போது நான் தேடுவதும் அதைத்தான்.

முதலில் சர்வீஸ் பில். கசங்கிய பில்லாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆயில் மாற்றிய இடைவெளி தெரிந்துவிடும், மீட்டரைக் குறைத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் அங்கேயே மாட்டும். டைமிங் பெல்ட் (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட இன்ஜினுக்குள் ஓடும் பட்டை) உள்ள இன்ஜின் என்றால் அதை மாற்றியதற்குத் தனியாக ஆதாரம் கேளுங்கள். அது ரப்பர், வண்டி அதிகம் ஓடாமல் நின்றிருந்தாலும் வயதாகும், ஓடும்போது அறுந்தால் நிறைய இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும், அந்தச் செலவுக்குப் பழைய வண்டியே கட்டுப்படியாகாது. "போன வருஷம்தான் மாத்தினோம்" என்று வாயால் மட்டும் சொன்னால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்தது கோல்ட் ஸ்டார்ட், அதாவது நன்றாக ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். போகும் முன்பே போனில், "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம், ஏனென்றால் சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் முதலில் கொஞ்சம் நீராவி வருவது சாதாரணம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ஒரு தித்திப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) உள்ளே எரிகிறது, இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ் பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. அது ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்தாக வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், அதைச் சமாளிக்கலாம், ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் வரை போயிருக்கும், அந்த வண்டி வேண்டாம். கருப்புப் புகை எரிபொருள் சரியாக எரியாததால் வருவது, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட் ஆன சில நொடிகள் கடகடவென்று சத்தம் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் செயின் நீண்டுபோய் அப்படிச் சத்தம் போடும்.

ஸ்டார்ட் செய்யும் முன்பே கூலன்ட்டையும் திறந்து பார்த்துவிடுங்கள் (இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது, கொதிக்கும் தண்ணீர் பீறிட்டு அடிக்கும்). துருப்பிடித்த நிறமோ, மேலே எண்ணெய்ப் படலமோ இருக்கக் கூடாது. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

கிலோமீட்டர் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மீட்டர் குறைவாகக் காட்டினால் பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட்டின் ஓரம் இந்த மூன்றையும் பாருங்கள், மூன்றும் வழவழவென்று தேய்ந்திருந்தால் எண் பொய். டயரின் வயதையும் பாருங்கள், பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி 4 இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கதவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்குக் கீழே ஈர வாடை இருந்தாலும் அதே சந்தேகம்தான். வெள்ள வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வயரிங் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும், எந்த மெக்கானிக்காலும் உத்தரவாதம் தர முடியாது.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) கிடைத்தால் மாட்டிப் பாருங்கள், பிழைக் குறியீடு எதுவும் இல்லாமல் சுயசோதனைகள் மட்டும் "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில்தான் பதிவான பிழைகளை எல்லாம் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஓட்டும்போது பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேகம் ஏறாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் கியர் போட்டதும் தாமதமாகவோ இடித்துக்கொண்டோ பிடித்தால் விட்டுவிடுங்கள்.

பேட்டரி, பிரேக் பேட், டயர், ஷாக் அப்சார்பர், கீறல் இவற்றுக்காக நல்ல வண்டியை விட வேண்டாம், அவை எப்படியும் மாற்ற வேண்டியவைதான். இதெல்லாம் தேறினால், விற்பவருக்குத் தெரியாத மெக்கானிக் ஒருவரை வைத்து வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத் துருவையும் ஆயில் கசிவையும் பார்த்துவிட்டு, அவர் எழுதித் தரும் செலவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். லிஃப்டில் ஏற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.