ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாற்றும்போது கடைசி இலக்கங்கள் ஏன் மாறுகின்றன?

ஆரக்கிள் தரவுத்தளத்தில் நம்பர்(18,4), அதாவது மொத்தம் 18 இலக்கம், அதில் 4 தசமம், ஆக இருந்த தொகைகள் ஓராடுபிஜி என்ற மாற்றும் கருவி வழியாக போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு வந்ததும் கடைசி இலக்கத்தில் பிசகுகின்றன என்கிறீர்கள். முதலில் புது டேபிளின் காலம் (நெடுவரிசை) வகையைப் பாருங்கள்; பெரும்பாலும் டபுள் பிரிசிஷன் (எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி வகை) என்றிருக்கும். அந்தக் கருவியில் பிஜி_நியூமெரிக்_டைப் என்ற அமைப்பு இயல்பாகவே 1 ஆக இருக்கும். வேகத்துக்காக நியூமெரிக்கை (துல்லியமான தசம வகை) மிதவைப் புள்ளி வகையாக மாற்றிவிடும். பணக் கணக்குக்கு இது சரிப்படாது, அந்த அமைப்பை 0 ஆக்கிவிடுங்கள்.

டபுள் சுமார் 15 இலக்கம் வரைதான் நம்பகமானது. 9007199254740993 என்று போட்டால் 9007199254740992 ஆகத்தான் திரும்பி வரும். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம்.

ஏற்கெனவே ஏற்றிய காலத்தின் வகையை ஆல்டர் செய்து (மாற்றி) நியூமெரிக் ஆக்கிப் பயனில்லை. போன இலக்கம் போனதுதான், மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

நடுவில் பைத்தான் ஸ்கிரிப்ட் இருந்தால் ஃப்ளோட் (மிதவைப் புள்ளி) வேண்டாம், டெசிமல் (துல்லியமான தசம வகை) போதும். பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் முழு எண் காலத்தில் ஒரு நல் (வெற்று மதிப்பு) இருந்தாலே இயல்பாக மொத்தமும் ஃப்ளோட் ஆகிவிடும். சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமிக்கவே சேமிக்காதீர்கள். 15 இலக்கத்துக்குப் பின் எல்லாம் பூஜ்யம்.

அப்புறம், சரிபார்க்க சம் (கூட்டுத்தொகை) மட்டும் போதாது, கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துவிடலாம். சில ஆயிரம் வரிசைகளையாவது எழுத்து வடிவில் எடுத்து ஒப்பிடுங்கள்.