போக்கி இயந்திரங்கள்: ஊரின் எதிர்ப்பு சட்டத்தில் எடுபடுமா?

கேள்வி: மெல்பர்னில் டாண்டினோங் பகுதியில் வசிக்கிறோம். எங்கள் தெருமுனை மதுவிடுதியில் போக்கி இயந்திரங்களை (காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களை) கூட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். எதிர்த்து 300 கையெழுத்து சேர்த்துவிட்டோம். 'ஊருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் சட்டத்தில் செல்லாது' என்கிறார் விடுதி நிர்வாகி. உண்மையா?

பதில்: இல்லை. விக்டோரிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது. மெல்பர்னுக்கு வடக்கே ராம்ஸி என்ற சிற்றூரில் 30 இயந்திரங்கள் வைக்க ஒரு விடுதி அனுமதி கேட்டது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையம் மறுத்தது, அந்த முடிவை மறுபரிசீலித்த மாநிலத் தீர்ப்பாயம் கொடுத்தது, உள்ளாட்சி மன்றம் மேல்முறையீட்டுக்குப் போனது. அனுமதியால் ஊர்மக்களுக்கு ஏற்படும் மனக்குறையும் சமூகப் பாதிப்புதான் என்றது நீதிமன்றம். 2009-இல் மறுவிசாரணையில் விடுதி தோற்றது.

ஆனால் ராம்ஸியை வெறும் கையெழுத்துகள் காப்பாற்றவில்லை. உள்ளாட்சி மன்றம் குடியிருப்பாளர்களிடம் முறையாகக் கருத்துக் கேட்டிருந்தது. பதிலளித்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எதிர்த்திருந்தனர். உங்கள் மன்ற உறுப்பினரை இந்த வாரமே சந்தித்து அப்படியொரு கணக்கெடுப்பைக் கேளுங்கள். ஆணையத்துக்குக் கருத்து அனுப்பக் கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

விக்டோரியாவின் 2003-ஆம் ஆண்டுச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: நன்மை தீமைகளைக் கூட்டிக் கழித்தால் வட்டார நலனுக்குக் கேடு மிஞ்சுமா? 'சூது தீது' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அது சட்டம் அனுமதித்த தொழில். கூடுதல் இயந்திரங்களால் ஊருக்கு என்ன ஆகும் என்று விடுதி சமர்ப்பித்த தாக்க அறிக்கையை வாங்கிப் படியுங்கள். 'புதிதாக இழக்கப்படும் பணம் சொற்பம், மற்றது பக்கத்து விடுதிகளிலிருந்து இடம் மாறும் பணமே' என்ற வாதம் அநேகமாக அதில் இருக்கும். என் அனுபவத்தில் வழக்கே அங்கேதான் தீர்மானமாகிறது. உங்கள் உள்ளாட்சிப் பகுதியான கிரேட்டர் டாண்டினோங் மக்கள் இந்த இயந்திரங்களில் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் இழக்கிறார்கள். விடுதிவாரியான இழப்புக் கணக்கை ஆணையமே வெளியிடுகிறது; அதையும் விடுதியின் கணிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம் சூதுப்பழக்கத்தில் சிக்கியவர்களுடையது என்று ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 2010-இல் மதிப்பிட்டதையும் சேருங்கள்.

நேரில் கண்டதை எழுதுங்கள்: வாடகை கட்ட முடியாமல் போன வீடு, சம்பள நாள் இரவு, கோயில் அன்னதானத்துக்கு வந்து நிற்கும் குடும்பம். ஆனால் எழுதுவது பொதுவெளிக்கு வரக்கூடும். அந்தக் குடும்பத்தின் பெயரோ தெருவோ அதில் இருக்கவே கூடாது. எழுதும்முன் அவர்களுடைய சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.