தக்காளி இலைச்சுருள் வைரஸ்: மருந்து ஏன் கேட்பதில்லை?

கேள்வி: தக்காளி நட்டு ஒரு மாதம் ஆகிறது. சில செடிகளில் நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருள்கின்றன. செடியும் வளராமல் நிற்கிறது. மேங்கோசெப், ஸ்ட்ரெப்டோசைக்ளின் இரண்டும் தெளித்தாயிற்று. வேறு எந்த மருந்து கேட்கும்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இலைச்சுருள் வைரஸுக்குரியவை. வெயிலால் சுருள்வது அடி இலைகளில் தொடங்கும், செடி குட்டையாகாது. வைரஸைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. அதற்காக இன்னொரு தெளிப்புக்குச் செலவு செய்யாதீர்கள்.

பூஞ்சையும் பாக்டீரியாவும் உயிருள்ள செல்கள், தமக்கான புரதத்தைத் தாமே உண்டாக்குபவை. ஸ்ட்ரெப்டோசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமை, அதாவது புரதம் உண்டாக்கும் கருவியை, முடக்குகிறது. மேங்கோசெப் பூஞ்சையின் நொதிகளைக் கெடுக்கிறது. வைரஸில் முடக்குவதற்கு அப்படி எதுவும் இல்லை. புரத உறை, உள்ளே சுமார் 2,700 காரங்கள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) நீளமுள்ள வளைய டி.என்.ஏ., அவ்வளவுதான். அது பெருகுவது தக்காளிச் செல்லுக்குள், தக்காளியின் ரைபோசோமையும் நொதிகளையும் கொண்டுதான். வளர்ந்து முடிந்த செல் டி.என்.ஏ.வை நகலெடுப்பதை நிறுத்தியிருக்கும். இந்த வைரஸ் அதை மறுபடி தொடங்க வைக்கிறது. அந்த வேலையை நிறுத்தும் மருந்து செடியையும் கெடுக்கும்.

தடித்த செல்சுவரை வைரஸ் தானாகக் கடக்காது. வெள்ளை ஈயின் ஊசி வாய்தான் அதை உணவுச் சாறு ஓடும் புளோயம் குழாயில் இறக்குகிறது. அங்கிருந்து சாற்றோடு தளிருக்குப் போவதால் நுனியில் முதலில் தெரிகிறது. நோய்ச் செடியில் குடித்த ஈ சில மணி நேரம் கழித்தே பரப்பத் தொடங்கும், பிறகு பெரும்பாலும் சாகும்வரை பரப்பும். நல்ல செடியில் அரை மணி நேரம் உறிஞ்சினாலே போதும். ஆகவே வெளியிலிருந்து வரும் ஈ, பூச்சிக்கொல்லியில் சாவதற்குள் தொற்றவைத்துவிடும். தோட்டத்துக்குள் செடிக்குச் செடி பரவுவதைத்தான் தெளிப்பு குறைக்கும்.

நோய்ச் செடியை வெறுமனே பிடுங்கினால் ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறக்கும். முதல் நாள் மாலை லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மறுநாள் அதிகாலை, ஈக்கள் மந்தமாக இருக்கையில், செடியைப் பையால் மூடிப் பிடுங்கி அகற்றுங்கள். காய் பிடித்தபின் நோய் கண்ட செடி ஓரளவு காய்க்கும். ஒரு மாதப் பயிரில் கண்ட செடியை நம்பாதீர்கள், தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

அடுத்த நடவில் நாற்றங்காலை 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலையால் முழுவதும் மூடுங்கள். இளநாற்றில் தொற்றினால்தான் இழப்பு மிக அதிகம். நடவுக்கு முன்பே வரப்போரம் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் வளர்ந்திருக்கட்டும். எக்டருக்கு 12 மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். காய்ப்பு ஓய்ந்த பழைய தக்காளி அருகில் நின்றால், புதிய நாற்று நடும் முன் அதை அழித்துவிடுங்கள்.